வாசலில் ஒரு போர்டு

2025 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து கால்கரிக்கு வந்தார்கள். வாசலில் கார் நின்றதும் அம்மா பேத்தியைக் கட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் புல்தரையில் நட்டு வைத்திருந்த சின்னப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு மலை, ஓர் ஆறு, கீழே 'நிலக்கரிச் சுரங்கம் வேண்டாம்' என்று ஆங்கிலத்தில்.

"இது யாரு வச்சது?"

"நான்தான்பா."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா நெய்வேலியில் 31 வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பல மாடிக் கட்டடம் போல நிற்கும் ஜெர்மன் பக்கெட் வீல் மெஷினில் ஆபரேட்டர். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலை வீட்டுக்கு வந்தால் காதுமடல் வரைக்கும் புழுதி இருக்கும். என் ஸ்கூல், காலேஜ், எம்.எஸ். படிக்க முதல் செமஸ்டருக்குக் கட்டிய பணம், எல்லாம் அந்த மண்ணுக்கடியிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்டவருடைய மகன் வீட்டு வாசலில் இப்படி ஒரு போர்டு. வாங்கி நட்டபோது எனக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம்.

மறுநாள் காலையில் பார்த்தால் போர்டு முன்பக்கம் இல்லை. கராஜ் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. "புல்லு வெட்டறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சு" என்றார் அப்பா. நானும் எடுத்து வைக்கவில்லை.

அந்தப் போர்டு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மீன் என்றால் குழம்பு, வறுவல், கருவாடு. அவ்வளவுதான் சம்பந்தம். 2019 கோடையில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தெற்கு ஆல்பெர்ட்டாவில் லிவிங்ஸ்டன் ஆற்றுக்கு அழைத்துப் போனார். முழங்கால் வரை தண்ணீரில் நின்றதும் எலும்பு வரை குளிர்ந்தது. மதியத்துக்கு மேல் என் தூண்டிலிலும் ஒன்று சிக்கியது. முழங்கை நீளம்கூட இல்லை. பொன்னிற உடம்பு, வால் பக்கம் நெருக்கமாகக் கரும்புள்ளிகள், தாடைக்கடியில் குங்குமத்தைக் கோடாக இழுத்துவிட்டது போல இரண்டு சிவப்புக் கீற்றுகள். அந்தக் கீற்றுக்காகத்தான் கட்த்ரோட் என்று பெயர், கழுத்து அறுபட்டது. முழுப் பெயர் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் டிரவுட். நண்பர் கையை நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். விட்டே ஆக வேண்டும், அதுதான் சட்டம்.

டிரவுட் என்றதும் நம்மில் சிலருக்கு ஊட்டி ஞாபகம் வரலாம். நூறு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக நீலகிரி நீரோடைகளில் ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். இங்கேயும் அதே கதைதான். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ, உள்ளூர் கட்த்ரோட்டோடு கலந்து கலப்பினமாகிவிட்டது. ஒரு காலத்தில் போ, ஓல்ட்மேன் ஆறுகள் நெடுக இருந்த மீன், இன்று கலப்பில்லாமல் மிஞ்சியிருப்பது மலையடிவாரத்துச் சின்னச் சின்ன ஓடைகளில்தான். 2013இல் கனடா அரசு ஆல்பெர்ட்டாவின் இந்த மீனை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் காக்கும் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது.

அப்படி மிஞ்சிய ஓடைகளில் இரண்டு, கோல்ட் க்ரீக்கும் பிளேர்மோர் க்ரீக்கும். கால்கரியிலிருந்து இரண்டரை மணி நேரம் தெற்கே, க்ரோஸ்நெஸ்ட் பாஸ் என்ற மலைக்கணவாயில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்பது கிராஸி மவுண்டன். அந்த மலையில்தான் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் திட்டம் போட்டார்கள். வருடத்துக்கு 45 லட்சம் டன், சுமார் 23 வருடம். கரண்ட்டுக்காக எரிக்கும் கரி இல்லை, இரும்பை உருக்கி ஸ்டீல் ஆக்கும் உயர்தரக் கரி.

2020 கடைசியில் அந்தத் திட்டத்தின் மேல் பொது விசாரணை நடந்தது. கொரோனா காலம் என்பதால் எல்லாம் ஆன்லைன்தான். நான் ஒரு ஸ்க்ரீனில் கோட் எழுதிக்கொண்டு, இன்னொரு ஸ்க்ரீனில் விசாரணையை ஓடவிட்டிருந்தேன். முதலில் மீனுக்காகத்தான் கேட்டேன். கொஞ்ச நாளில் ஒரே ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. செலினியம்.

செலினியம் நம் உடம்புக்கும் வேண்டும், துளி அளவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்? மலைக்குள் பாறையோடு பாறையாகப் பூட்டிக் கிடக்கும் வரை அது யாருக்கும் தொந்தரவில்லை. கரியை எடுக்க மலையை உடைத்தால், கரியைவிடப் பல மடங்கு வெறும் பாறை வரும். அதைப் பள்ளத்தாக்கில் மலை மலையாகக் கொட்டுவார்கள். உடைந்த பாறையில் காற்று படும், மழையும் பனி உருகிய நீரும் இறங்கும். காற்றும் தண்ணீரும் சேர்ந்து செலினியத்தைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வந்துவிடும்.

தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும். பாசி அதை உறிஞ்சிக்கொள்ளும், பாசியைப் பூச்சிப் புழுக்கள் தின்னும், அவற்றை மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். தாய் மீன் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் முட்டைக்குள் செலினியம் போய்விடும். பொரிந்து வரும் குஞ்சுக்கு முதுகெலும்பு வளைந்திருக்கும், தாடையோ செவுள் மூடியோ சரியாக இருக்காது. அளவு இன்னும் கூடினால் குஞ்சே பிழைக்காது. ஆற்றில் ஒரு மீன்கூடச் செத்து மிதக்காமலே அடுத்த தலைமுறை வராமல் போகும்.

எவ்வளவு செலினியம் இருந்தால் ஆபத்து என்று தேடிப் பார்த்தேன். நீர்வாழ் உயிர்களுக்கு ஆல்பெர்ட்டா வைத்திருக்கும் நீண்டகால வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். எனக்குப் பிடிபடவில்லை, கணக்குப் போட்டேன். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பின் எடை. அதுதான் எல்லை.

இது ஏதோ ஏட்டுக் கணக்கு இல்லை. க்ரோஸ்நெஸ்ட் பாஸைத் தாண்டினால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கு. அங்கே பல பத்தாண்டுகளாகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் ஓடுகின்றன. ஃபோர்டிங் ஆற்றின் மேல்பகுதியில் வளர்ந்த கட்த்ரோட் மீன்களின் எண்ணிக்கை 2017க்கும் 2019க்கும் நடுவில் 93 சதவீதம் சரிந்தது. கடுங்குளிர், ஆற்றில் உறைந்த பனி, குறைந்த நீரோட்டம், சுரங்கத்தால் மாறிப்போன ஆற்றுப்படுகை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. செலினியம் ஒன்றே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றில் சுரங்கக் கழிவுநீர் கலந்ததற்காக 2021 மார்ச்சில் டெக் நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். கனடாவின் மீன்வளச் சட்டத்தில் அதுவரை அவ்வளவு பெரிய அபராதம் விதிக்கப்பட்டதில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்ய அந்த நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் செலவு செய்திருக்கிறது. இன்னும் முடியவில்லை.

கிராஸி மவுண்டனில் அப்படி நடக்காது என்றது அந்தத் திட்டத்தின் கம்பெனி. தோண்டிய குழியைப் பாறையால் நிரப்பி, தண்ணீரில் மூழ்க வைத்து, ஆக்ஸிஜன் இல்லாத அந்த இருட்டில் பாக்டீரியாக்களைக் கொண்டு செலினியத்தைப் பிடித்துவிடுவோம் என்றார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் நம்பிய அளவுக்கு அது வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. டெஸ்ட் சர்வரில் ஓடியது எல்லாம் ப்ரொடக்‌ஷனில் ஓடாது என்பது எங்கள் தொழிலில் தினமும் படும் பாடு. எங்களுக்காவது பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது. உடைத்த மலையை ஒட்டவைக்க வழியில்லை.

விசாரணைக் குழுவும் நம்பவில்லை. 2021 ஜூனில் அறிக்கை வந்தது: தண்ணீரின் தரத்துக்கும் கட்த்ரோட் மீனுக்கும் வரும் கேடு, கிடைக்கப் போகும் பொருளாதார லாபத்தைவிடப் பெரியது, எனவே அனுமதி இல்லை. ஆகஸ்டில் மத்திய அரசும் நிராகரித்தது. நான் லட்டு வாங்கி வந்து வீட்டில் கொடுத்தேன். என் மனைவி, "மீனுக்கு லட்டு கொடுத்த முதல் ஆள் நீங்கதான்" என்றாள்.

ஆனால் கதை முடியவில்லை. கம்பெனி பெயர் மாறியது, அதே மலைக்கு மறுபடியும் விண்ணப்பம் வந்தது. இந்த முறை, துளை போட்டுப் பார்க்க மட்டும். 2024 நவம்பரில் க்ரோஸ்நெஸ்ட் பாஸ் ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பத்துக்கு ஏழு பேர் சுரங்கம் வரட்டும் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. மலையே அந்த ஊர் எல்லைக்குள் இல்லை. பக்கத்தில் உள்ள ரேஞ்ச்லேண்ட் என்ற வட்டாரத்தில் இருக்கிறது, அவர்கள் சுரங்கத்தை எதிர்க்கிறார்கள். 2025 மே மாதம் மாகாண எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு துளை போட அனுமதி கொடுத்தது. அந்த வாரம்தான் நான் போர்டு வாங்கி நட்டேன்.

அப்பா வந்து மூன்று வாரமாகியும் போர்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, அந்த மௌனம் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது. "நாளைக்கு ஒரு இடம் கூட்டிட்டுப் போறேன்பா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கால்கரியிலிருந்து 22ஆம் நம்பர் சாலையில் தெற்கே போனால் ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், ஒரு பக்கம் ராக்கி மலைத்தொடர். காற்றாலைகளைப் பார்த்ததும் அம்மா, "ஆரல்வாய்மொழி மாதிரி இருக்கு" என்றாள். கணவாய்க்குள் நுழைந்ததும் சாலை கற்குவியலுக்குள் போகிறது. வீடு பருமன் பாறைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஃபிராங்க் என்ற சுரங்க ஊரின் மேல் 1903 ஏப்ரல் 29 விடியற்காலையில் டர்ட்டில் மவுண்டன் சரிந்தது. சுமார் 11 கோடி டன் சுண்ணாம்புப் பாறை, ஒன்றரை நிமிடம், சுமார் 90 உயிர்கள். பூர்வகுடிகள் அதை நகரும் மலை என்றே அழைத்து வந்தார்கள். அடிவாரத்தில் சுரங்கம் தோண்டியவர்கள் காதில் அது விழவில்லை.

பக்கத்திலேயே ஹில்க்ரெஸ்ட். 1914 ஜூன் 19 அன்று சுரங்கத்துக்குள் வெடி விபத்து, 189 பேர் மாண்டார்கள். கனடாவின் மிக மோசமான நிலக்கரிச் சுரங்க விபத்து அது. பலரை வரிசையாக ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். வெகுநேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது, "காலைல டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போயிருப்பாங்கல்ல" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நைட் ஷிப்டுக்குப் போன மனுஷன் எப்போ வருவார் என்று எத்தனை விடியற்காலை அவள் வாசலில் நின்றிருப்பாள்.

பிளேர்மோர் கடைத்தெருவில் காபி குடிக்கப் போனோம். சுவரில் பழைய சுரங்கத் தொழிலாளர்களின் போட்டோக்கள். அப்பா ஒவ்வொன்றாக நின்று பார்ப்பதைக் கவனித்த ஒரு பெரியவர், பக்கத்து மேஜையிலிருந்து, "நீங்களும் சுரங்கத்து ஆளா?" என்று கேட்டார். அப்பாவின் இங்கிலீஷ், ஜெர்மன் மெஷின் மேனுவலில் கற்றது. "31 இயர்ஸ்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் நான் அங்கே தேவைப்படவில்லை. அந்தப் பெரியவர் எல்க் பள்ளத்தாக்கில் 30 வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், மூன்று மாடி உயர லாரி. அப்பா சக்கரத்தின் அளவைக் கையை விரித்துக் காட்டினார். நாப்கினில் படம் போட்டார். இங்கே லாரி, அங்கே கன்வேயர் பெல்ட். இங்கே வெடி வைத்து உடைக்கும் மலை, அங்கே சமதரை. நெய்வேலியில் கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காது என்று சொன்னபோது பெரியவர் வாயைப் பிளந்து கேட்டார்.

பேச்சு புதுச் சுரங்கத்துக்கு வந்தது. "நான் வேண்டும் என்றுதான் ஓட்டுப் போட்டேன்" என்றார் பெரியவர். ஊரில் வேலை இல்லை. பேரன் தினமும் மலை தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியா போய் வருகிறான், குளிர்காலத்தில் பனியில் ஓட்டிக்கொண்டு. இந்தச் சுரங்கம் வந்தால் சுமார் 400 பேருக்கு நிரந்தர வேலை. கிராஸி மவுண்டனே ஒன்றும் கன்னி நிலம் இல்லை, பழைய காலத்தில் தோண்டிப் போட்டுவிட்டுப் போன குழிகள் அப்படியே கிடக்கின்றன. புதுக் கம்பெனியாவது அதைச் சரி பண்ணும். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்றார். சாஃப்ட்வேர் என்றேன். சிரித்தார். "அப்போ உனக்கு வார இறுதியில் மீன் பிடிக்க ஓர் ஆறு வேண்டும். என் பேரனுக்கு வேலை வேண்டும்."

என்னிடம் புள்ளிவிவரம் எல்லாம் தயாராக இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் பேரன் இடத்தில் நான் இருந்தவன். நெய்வேலியில் சுரங்கம் வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது வாசலில் போர்டு வைத்திருந்தால், அதைப் பிடுங்கி எறிகிற முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அப்பாதான் கேட்டார். "கொட்டுன பாறையிலேர்ந்து தண்ணி வருமே, அதை அந்தப் பக்கம் என்ன பண்றாங்க?" நான் மொழிபெயர்த்தேன். பெரியவர், பெரிய பெரிய பிளான்ட் கட்டிச் சுத்தம் செய்கிறார்கள் என்றார். "எத்தனை வருஷம் பண்ணணும்?" பெரியவர் கொஞ்ச நேரம் காபிக் கோப்பையைப் பார்த்தார். "என் பேரனின் பேரன் காலத்திலும் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும்." "கரி தீந்தப்புறம் சம்பளம் யாரு குடுப்பா?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, தோளைக் குலுக்கினார். எழுந்து போகும்போது அப்பாவுக்கு மட்டும் கை கொடுத்து, நாப்கின் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கோல்ட் க்ரீக் ஓரமாகப் போனோம். பெரிய ஆறு என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் என் மகள் ஒரே தாவலில் தாண்டிவிடுவாள். தெளிந்த தண்ணீர், அடியில் கூழாங்கல். அந்தக் கல்லுக்கு நடுவில்தான் கோடையின் தொடக்கத்தில் தாய் மீன் வாலால் குழி பறித்து முட்டையிடும். கல் இடுக்கில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. நுண்ணிய கரித்தூளோ சேறோ வந்து இடுக்கை அடைத்தால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். செலினியம் வேண்டாம், அது ஒன்றே போதும்.

மகள்தான் முதலில் பார்த்தாள். "தாத்தா, அங்க!" பாறை நிழலில் ஒரு சின்ன உருவம், ஓட்டத்துக்கு எதிராக வாலை ஆட்டிக்கொண்டு இடத்தைவிட்டு நகராமல் நின்றது. சிவப்புக் கீற்று கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா குனிந்து பார்த்து, "இவ்ளோண்டா? இதுக்கா இவ்வளவு சண்டை? குழம்புக்குக்கூட ஆகாதே" என்றாள். பிடிக்கவே கூடாது, பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்றேன். "விடறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

அப்பா கையைத் தண்ணீரில் விட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார், அவ்வளவு குளிர். "இந்தத் தண்ணி எங்க போவுது?"

சொன்னேன். இது க்ரோஸ்நெஸ்ட் ஆற்றில் சேரும், அது ஓல்ட்மேன் ஆற்றில். லெத்பிரிட்ஜ் ஊர் குடிக்கும் தண்ணீர் அதுதான். கிழக்கே சர்க்கரைக் கிழங்கு, நாம் கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு எல்லாம் அந்தப் பாசனத்தில்தான் விளைகின்றன. அந்த ஆற்றுப் படுகையில் தண்ணீருக்குப் புது உரிமம் கொடுப்பதை 2006இலேயே நிறுத்திவிட்டார்கள். இருக்கும் தண்ணீர் முழுக்கப் பங்கு போட்டாகிவிட்டது. காவிரிச் செய்தி கேட்டே வளர்ந்த அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம ஊர்ல சமதரையில தோண்டுனோம். அதுக்கே எவ்வளவு தண்ணிப் பிரச்சினை. இது ஆத்தோட தலைமாட்டுல தோண்டறது." கொஞ்சம் நிறுத்தி, "கரி வண்டி ஏறிப் போயிடும்டா. கொட்டுன மண்ணுதான் அங்கயே நிக்கும். ஸ்ப்ரெடர்ல கொட்டுறப்போ நாங்க அதை நினைச்சதே இல்ல. எங்களுக்கு டார்கெட்டு கரிதான்."

காருக்கு வரும் வழியில் நான் கேட்காமலே, "அந்தப் பெரியவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. நீ போர்டு வை, வேணாங்கல. ஆனா வேலை கேக்கறவன எதிரியா நினைக்காத" என்றார்.

அதுவரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு ஏழு பேர் எப்படி இதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கால்கரியில் உட்கார்ந்துகொண்டு கோபப்பட்டவன் நான். ஸ்டீல் வேண்டாம் என்று சொல்கிற தகுதியும் எனக்கில்லை. நாங்கள் போன கார், தாண்டிய பாலம் எல்லாமே அதில்தான். உலகத்தில் பெரும்பாலான ஸ்டீல் இன்னும் கரியை வைத்துத்தான் உருவாகிறது. ஆகவே நிலக்கரி பாவம், மீன் புண்ணியம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அப்பா கேட்ட கேள்வி இருக்கிறதே, அது விடவில்லை. இந்தச் சுரங்கம் 23 வருடம் ஓடும் என்றார்கள். இன்று துவங்கினால், 9 வயதில் இருக்கும் என் மகளுக்கு 32 ஆகும்போது கரி முடிந்துவிடும், கம்பெனி போய்விடும். பாறை போகாது. அதிலிருந்து வடியும் தண்ணீரை அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்ய வேண்டும். சுரங்கங்களைச் சீரமைக்க ஆல்பெர்ட்டா வாங்கி வைக்கும் பிணைத்தொகை போதாமல் போகலாம், மக்கள் தலையில் விழலாம் என்று மாகாண ஆடிட்டர் ஜெனரல் 2015லேயே எச்சரித்திருக்கிறார். வேலை ஒரு தலைமுறைக்கு, செலவு அதற்குப் பின்னால் வருகிறவர்களுக்கு. அந்தச் செலவின் முதல் பில் மீனுக்குப் போகிறது. அது கட்ட முடியாமல் காணாமல் போகும்போதுதான் நமக்குச் செய்தி தெரியும்.

செப்டம்பரில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். புள்ளிவிவரங்களை எல்லாம் எடுத்துவிட்டு அப்பாவின் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்தேன். எத்தனை வருஷம் சுத்தம் செய்ய வேண்டும்? கரி தீர்ந்த பிறகு சம்பளம் யார் கொடுப்பார்கள்? கூடவே நானாக மூன்றாவது ஒன்றைச் சேர்த்தேன்: சுரங்கம் வராவிட்டால் அந்த ஊர்ப் பேரன்களுக்கு என்ன வேலை தரப் போகிறீர்கள்? இதையும் கேட்காமல் மீனுக்காக மட்டும் பேசினால் அந்தப் பெரியவர் முகத்தில் நான் விழிக்க முடியாது. உங்கள் ஊரிலும் ஒரு சுரங்கமோ குழாய்ப்பாதையோ பேசப்படுகிறதென்றால், இந்த மூன்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்ததும் வீடு வெறிச்சென்று இருந்தது. கராஜ் ஓரம் அந்தப் போர்டு தூசி படிந்து நின்றது. துடைத்து, பழைய இடத்தில் நட்டேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார். ஜெட்லாக், மாத்திரை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகும் நேரத்தில் கேட்டார்.

"போர்டை எடுத்த இடத்துல வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்பா."

"அங்க காத்து ஜாஸ்தி, சாஞ்சிடும். அடியில ரெண்டு கல்லு வை."